அம்மாவின் அறுவை சிகிச்சையை ரோபோ தானாகச் செய்யுமா?

இல்லை, தானாக வெட்டாது. டாவின்சி போன்ற அறுவை ரோபோவில் மருத்துவர் கன்சோல் என்ற கட்டுப்பாட்டு மேசை முன் உட்கார்ந்து கையை அசைத்தால்தான் ரோபோவின் கைகள் அசையும். அவர் கன்சோலிலிருந்து தலையை எடுத்தாலே நின்றுவிடும். தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்றீர்களே, அவரையும் மருத்துவமனையையும்தான். ஒப்புதல் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவதால் கவனக்குறைவுக்கான பொறுப்பு போய்விடாது.

"ஏஐ ரோபோ" என்று மருத்துவமனையில் சொன்னது பெரும்பாலும் விளம்பரப் பேச்சாக இருக்கும். மருத்துவரிடமே கேளுங்கள்: இதில் ஏஐ செய்யும் வேலை என்ன? இதே அறுவையை ரோபோவில் எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? பாதியில் கருவி நின்றால் என்ன செய்வீர்கள்? மழுப்பினால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு ஏஐயைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு ஆரம்பநிலைக் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்கிறீர்கள். 2018-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) அல்லது ரோபோ வழியில் கருப்பையை அகற்றியவர்களுக்கு, வயிற்றைத் திறந்து செய்தவர்களைவிட அதிகமாக நோய் திரும்பியது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் ரோபோ வழிப் புற்றுநோய் அறுவை பற்றி 2019-இல் எச்சரித்தது. கட்டியின் அளவைப் பொறுத்து முடிவு மாறலாம், நான் அறிக்கைகளைப் பார்க்கவில்லை. ஸ்கேன், பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு இன்னொரு புற்றுநோய் அறுவை நிபுணரைப் பார்த்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.