தொழில் திட்டம் எழுதுகிறீர்களா? கேள்விகளும் பதில்களும்

கடன் கேட்டு வரும் தொழில் திட்டங்களைப் பல வருடங்கள் வாசித்திருக்கிறேன். புதிதாகத் தொடங்கப்போகிறவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: திட்டம் எத்தனை பக்கம் இருக்க வேண்டும், சார்?

உங்களுக்காக மட்டும் என்றால் ஒரே தாள் போதும். யாருக்கு என்ன விற்கிறீர்கள், பணம் எப்படி வருகிறது, எதற்குப் போகிறது என்று 9 கட்டங்களில் எழுதும் பிசினஸ் மாடல் கேன்வாஸ் அதற்கு வசதியானது. கடனோ முதலீடோ கேட்பதாக இருந்தால் கணக்குகளோடு விரிவாக எழுதுங்கள்.

கேள்வி: முதல் பக்கச் சுருக்கத்திலேயே இரண்டு வாரமாக நிற்கிறேன்.

அதைத் தள்ளி வையுங்கள். முதலில் படிக்கப்படுவது அதுதான், ஆனால் கடைசியில் எழுத வேண்டியது. கணக்கு முடியாமல் எதைச் சுருக்குவீர்கள்?

கேள்வி: "இந்தச் சந்தையில் 1 சதவீதம் பிடித்தாலே போதும்" என்று எழுதியிருக்கிறேன். சரியா அண்ணா?

வேண்டாம் தம்பி. அந்த 1 சதவீதம் யார், எப்படி உங்களிடம் வருவார்கள் என்று அந்த வரியில் இல்லை. கீழிருந்து எண்ணுங்கள். ஒரு நாளில் எத்தனை பேரைச் சந்திக்க முடியும், அதில் எத்தனை பேர் வாங்குவார்கள், எத்தனை பேர் திரும்ப வருவார்கள்? எண் சின்னதாகத்தான் வரும், ஆனால் நம்பலாம். அதற்கு 20 பேரிடமாவது நேரில் பேசுங்கள். "வாங்குவீர்களா?" என்று கேட்டால் முகத்துக்காக ஆமாம் என்பார்கள். இந்தத் தேவையை இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள், அதற்கு எவ்வளவு செலவாகிறது என்று கேளுங்கள். உங்கள் உண்மையான போட்டி யார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: என் கணக்கில் முதல் மாதமே லாபம். இருந்தும் நடைமுறை மூலதனம் (அன்றாடம் தொழிலை ஓட்டத் தேவையான பணம்) போதாது என்று கடன் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். ஏன்?

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். மாதம் 1 லட்சத்துக்கு விற்கிறீர்கள், செலவு 90,000, லாபம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். சரக்குக்கும் சம்பளத்துக்கும் உடனே கொடுக்க வேண்டும். வாங்கியவரோ 60 நாள் கழித்துத்தான் தருவார். முதல் இரண்டு மாதத்தில் 1,80,000 வெளியே போயிருக்கும், உள்ளே ஒரு காசும் வந்திருக்காது. ஏட்டில் 20,000 லாபம், கையில் ஒன்றுமில்லை. விற்பனை இரட்டிப்பானால் இன்னும் மோசம், தேவைப்படும் பணமும் இரட்டிப்பாகும். நல்ல ஆர்டர் வந்த நேரத்தில் தொழில் மூச்சுத்திணறுவது இதனால்தான். லாப நட்டக் கணக்கோடு நிறுத்தாமல், பணம் எந்த மாதம் வருகிறது, எந்த மாதம் போகிறது என்று 12 மாதத்துக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். இருப்பு மிகவும் கீழே இறங்கும் மாதம் எதுவோ, அந்தப் பள்ளத்தை நிரப்பும் தொகையும் கொஞ்சம் கூடுதலும்தான் நீங்கள் கேட்க வேண்டிய பணம்.

கேள்வி: பிரேக் ஈவன் போடத் தெரியவில்லை, எளிமையாகச் சொல்லுங்களேன்.

லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று நிற்கும் விற்பனை அளவுதான் பிரேக் ஈவன். ஒரு பொருளை 100க்கு விற்கிறீர்கள், அதற்கான நேரடிச் செலவு 60. மிச்சம் 40. வாடகை, சம்பளம் போன்ற நிலையான செலவு மாதம் 40,000 என்றால் 1,000 பொருள் விற்க வேண்டும். 25 வேலை நாளில் தினம் 40. உங்களால் தினம் 40 விற்க முடியுமா? முடியாது என்று தோன்றினால் விலையையோ செலவையோ இப்போதே மாற்றுங்கள். அப்புறம், நிலையான செலவில் உங்கள் சம்பளத்தையும் சேர்த்துவிடுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எல்லாம் ஊகம்தானே, எழுதி என்ன பயன்?

ஊகம் என்று குறிப்பிட்டே எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தோடு. விற்பனை 20 சதவீதம் குறைந்தால், வசூல் ஒரு மாதம் தள்ளினால் கையிருப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்றும் போட்டுப் பாருங்கள். தொடங்கி மூன்று மாதம் ஆனதும் நிஜ எண்களைப் பக்கத்தில் எழுதினால், எந்த ஊகம் தப்பாகப் போனது என்று பெயர் சொல்லிக் காட்ட முடியும்.