வீடியோ பார்த்தால் புரிகிறது, கேட்டால் சொல்ல வரவில்லை: சர்வீஸ் ஆர்கிடெக்சரை எப்படிப் படிப்பது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். பி.சி.ஏ. முடித்துவிட்டு ஓசூரில் சாப்ட்வேர் சப்போர்ட் வேலை பார்க்கிறேன். டெவலப்பர் ஆக ஆசை. நான்கு மாதமாக பஸ்ஸில் போய்வரும்போது சர்வீஸ் ஓரியண்டட் ஆர்கிடெக்சர் (பெரிய சாப்ட்வேரைத் தனித்தனி சர்வீஸ்களாகப் பிரித்துக் கட்டும் முறை) வீடியோக்கள் பார்க்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. போன மாதம் ஒரு நேர்காணலில், "பணம் பிடித்தாகிவிட்டது, ஆனால் ஆர்டர் பதிவாகவில்லை. என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். ஒன்றும் சொல்ல வரவில்லை. ஒரு வீடியோவில், சர்வீஸ்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் சோப் (SOAP) என்ற முறையைப் படி என்கிறார்கள், இன்னொன்றில் அதெல்லாம் பழசு என்கிறார்கள். என்னிடம் இருப்பது 4 ஜி.பி. ராம் உள்ள பழைய லேப்டாப். எப்படிப் படிப்பது?

பதில்: உங்களிடம் கேட்டது நல்ல கேள்வி. நீங்கள் பார்த்த அறிமுக வீடியோக்களில் அதற்குப் பதில் இருந்திருக்காது. அவற்றில் நான்கு கட்டம் வரைவார்கள், நடுவில் அம்புக்குறி போடுவார்கள். ஆர்டர் சர்வீஸிலிருந்து பேமெண்ட் சர்வீஸுக்கு ஓர் அம்பு. பார்த்ததும் புரிந்துவிடும், ஏனென்றால் படத்தில் அந்த அம்பு எப்போதும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நிஜத்தில் அது ஒரு நெட்வொர்க் அழைப்பு. தாமதமாகும், பாதியில் அறுந்துபோகும். சில சமயம் வேலை முடிந்திருக்கும், பதில் மட்டும் திரும்பி வராது. இந்தப் படிப்பில் பாதி அந்த அம்புக்குள்தான் இருக்கிறது.

ராயக்கோட்டை தக்காளி மண்டி உங்களுக்குப் பக்கம்தான். ஒரு மண்டியில் ஏலம் விடுகிறவர் ஒருவர், கணக்கு எழுதுகிறவர் ஒருவர், பணம் கொடுக்கிறவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். விலையும் பெட்டி எண்ணிக்கையும் எழுதிய சீட்டு வந்தால் கணக்குப்பிள்ளைக்குப் போதும். ஏலம் எப்படி நடந்தது என்று அவர் பார்க்க வேண்டியதில்லை. அவர் நோட்டில் எழுதுகிறாரா, கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாரா என்பது ஏலக்காரருக்குத் தேவையில்லை. சீட்டின் வடிவம் மாறாதவரை ஆள் மாறினாலும் வேலை நடக்கும். இந்த ஆட்கள்தான் சர்வீஸ்கள். சீட்டில் எது எது இருக்க வேண்டும் என்ற ஏற்பாடுதான் கான்ட்ராக்ட். சின்ன மண்டியில் ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்ப்பார், அதில் குறையொன்றும் இல்லை. சாப்ட்வேரும் அப்படித்தான்: நான்கு பேர் சேர்ந்து எழுதும் சிறிய அப்ளிகேஷனைப் பத்து சர்வீஸாக உடைப்பது வீண் செலவு என்பது என் கருத்து. இதை நேர்காணலிலும் தயங்காமல் சொல்லுங்கள்.

சோப் பற்றிய குழப்பம் காலத்தால் வந்தது. சோப் 1.2-ஐ, வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ.3.சி. அமைப்பு 2003இல் தரமாக வெளியிட்டது. எக்ஸ்.எம்.எல். வடிவில் செய்திகள், கான்ட்ராக்டை எழுதிவைக்கும் டபிள்யூ.எஸ்.டி.எல். கோப்புகள், நடுவில் எல்லாவற்றையும் இணைக்கும் எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ் என்பது அந்தக் காலத்துப் பாணி. ராய் ஃபீல்டிங் 2000இலேயே தன் ஆய்வேட்டில், வெப் இயங்கும் பாணியையே அடிப்படையாகக் கொண்ட ரெஸ்ட் (REST) என்ற முறையை விளக்கிவிட்டார். அது பின்னால்தான் மெல்ல மெல்ல மேலே வந்தது. 2014இல் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவுலரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, சிறு சிறு சர்வீஸ்களாகப் பிரித்துக் கட்டுவதற்கு மைக்ரோசர்வீஸ் என்ற பெயர் எங்கும் பரவியது. ஆகவே இரண்டு வீடியோக்காரர்களும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு காலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். வங்கி, இன்சூரன்ஸ் போன்ற இடங்களில் சோப் இன்னும் ஓடுகிறது. அதற்கு ஒரு வீடியோ பார்த்து, ஒரு டபிள்யூ.எஸ்.டி.எல். கோப்பைத் திறந்து வரிவரியாக வாசித்தால் இப்போதைக்குப் போதும். மீதி நேரமெல்லாம் ரெஸ்ட்டுக்கு.

சரி, இப்போது லேப்டாப்புக்கு வருவோம். 4 ஜி.பி. தாராளமாகப் போதும். பல சர்வீஸ்களைப் பொதிந்து ஓட்ட உதவும் டாக்கர், குபர்நெட்டீஸ் போன்ற கருவிகள் பக்கம் இப்போது போகாதீர்கள். பைத்தானில் ஃப்ளாஸ்க் என்ற சிறிய வெப் கருவியை வைத்து இரண்டே சிறிய புரோகிராம் எழுதுங்கள். ஆர்டர் சர்வீஸ் 5001 போர்ட்டில், பேமெண்ட் சர்வீஸ் 5002இல். ஒவ்வொன்றுக்கும் தனி எஸ்.க்யூ.லைட் டேட்டாபேஸ் கோப்பு. ஒன்று மற்றதன் டேட்டாபேஸைத் தொடவே கூடாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். இந்த ஒழுங்கை விட்டுவிட்டால் பெயருக்குத்தான் இரண்டு சர்வீஸ்.

இரண்டும் ஓடியதும் வேண்டுமென்றே கெடுங்கள். பேமெண்ட் சர்வீஸில், பணம் பதிவான வரிக்குப் பிறகு, பதில் அனுப்பும் வரிக்கு முன், 20 விநாடி தூங்கச் சொல்லுங்கள். ஆர்டர் சர்வீஸில் 3 விநாடி டைம்-அவுட் (பதிலுக்கு அதற்கு மேல் காத்திருக்காதே என்ற வரம்பு) வையுங்கள். ஒரு சர்வீஸ் இன்னொன்றை அழைக்க உதவும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் நீங்களாக டைம்-அவுட் கொடுக்காவிட்டால் அது பாட்டுக்குக் காத்துக்கொண்டே இருக்கும். இது பலர் தடுக்கி விழும் இடம். இப்போது ஓட்டிப் பாருங்கள். ஆர்டர் சர்வீஸ் 3 விநாடியில் கைவிட்டுவிடும். பேமெண்ட் டேபிளில் பணம் பதிவாகியிருக்கும். உங்களிடம் கேட்ட கேள்வி உங்கள் மேஜையிலேயே நடந்துவிட்டது.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, மறுபடி ஒருமுறை அனுப்பிப் பார்ப்போம் என்பது. அனுப்புங்கள். பேமெண்ட் டேபிளில் ஒரே ஆர்டருக்கு இரண்டு வரி இருக்கும். வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் பிடித்துவிட்டீர்கள். அதைக் கண்ணால் பார்க்கும்போது வரும் பதற்றம்தான் பாடம், எந்த வீடியோவும் அதைத் தராது.

தீர்வு மண்டிச் சீட்டிலேயே இருக்கிறது. சீட்டுக்கு எண் இருந்தால், அதே எண் இரண்டாம் முறை வரும்போது பணம் கொடுக்கிறவர் புதிதாகப் பணம் தரமாட்டார், "இது ஏற்கெனவே பட்டுவாடா ஆகிவிட்டது" என்பார். அதுபோல ஆர்டர் எண்ணையும் கூடவே அனுப்பி, பேமெண்ட் டேபிளில் அந்த எண் ஒருமுறைக்கு மேல் வராதபடி யுனிக் என்று கட்டுங்கள். அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். இதற்குப் பெயர் ஐடம்போட்டென்சி. அப்புறம், பதில் வராத ஆர்டரைத் தோல்வி என்று எழுதாமல் பெண்டிங் என்று வைத்து, சற்றுப் பொறுத்து "இந்த எண்ணுக்கு என்ன ஆயிற்று?" என்று பேமெண்ட் சர்வீஸைக் கேட்கும் சிறு வேலையை ஓடவிடுங்கள். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும்போது சில நேரம் பெண்டிங் என்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆர்டரை நிறைவேற்றவே முடியாது என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பும் செயல் ஒன்றைச் செய்ய வேண்டும். இப்படி எதிர்ச்செயலால் சரிசெய்யும் சாகா என்ற யோசனை 1987லேயே டேட்டாபேஸ் ஆய்வில் வந்துவிட்டது.

வீடியோவை விட வேண்டாம். பஸ்ஸில் பார்ப்பதை முதல் பார்வையாக வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும், டவுன்லோட் செய்துவிட்டு ஏறுங்கள். வீட்டில் அதையே லேப்டாப் எதிரில் மறுபடி போட்டு, படம் வந்ததும் நிறுத்தி, ஒவ்வொரு அம்பிலும் "இது அறுந்தால்?" என்று நோட்டில் எழுதிவிட்டு மேலே போங்கள். கருத்தைத் தமிழ் வீடியோவில் பிடித்துக்கொள்வது வேகமான வழி, ஆனால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். முறையாகப் படிக்க ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தில் கிளவுட், டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் பாடங்கள் இருக்கின்றன. வீடியோ பார்க்கக் கட்டணமில்லை, தேர்வு எழுத விரும்பினால்தான் கட்டணம். வாரத்துக்கு இரண்டு வீடியோ, அவற்றுக்கான புரோகிராம் எழுதி முடிக்கும்வரை மூன்றாவது வேண்டாம்.

அடுத்த நேர்காணலில் அதே கேள்வி வந்தால், "இதை நானே உண்டாக்கிப் பார்த்திருக்கிறேன்" என்று தொடங்கி, 20 விநாடித் தூக்கத்திலிருந்து இரண்டு வரி விழுந்தது வரை நடந்தபடியே சொல்லுங்கள்.