ஸ்டிக்கர் அச்சு: வாசகர் கேள்விகள்

கே: ஊறுகாய் பாட்டில் லேபிள் ஃப்ரிட்ஜில் வைத்த மறுநாளே உரிகிறது. பசை மட்டமா?

ப: குரோமோ காகிதம் (பளபளப்புப் பூச்சுத் தாள்) போட்டிருப்பீர்கள், ஈரத்தில் ஊறத்தான் செய்யும். வினைலில் (பிளாஸ்டிக் ஷீட்) லேமினேஷனோடு (மேலே ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் படலம்) அடியுங்கள். பாட்டிலில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஈரமில்லாமல் ஒட்டி, ஒரு நாள் வெளியே வைத்த பிறகு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுங்கள். பசை முழுப்பிடி பிடிக்க அந்த ஒரு நாள் வேண்டும்.

கே: 500 ஸ்டிக்கர் என்ன விலை?

ப: என்ன அளவு? என்ன மெட்டீரியல்? எதில் ஒட்ட? மூன்றையும் எழுதாமல் விலை கேட்டால் எவரும் வாய்க்கு வந்ததைத்தான் சொல்வார்.

கே: ஹாஃப் கட்டா, ஃபுல் கட்டா?

ப: ஆளுக்கொன்றாகக் கொடுக்க ஃபுல் கட், அடித்தாளோடு சேர்த்துத் தனித்தனியாக வெட்டுவது. உட்கார்ந்து வரிசையாக ஒட்ட ஹாஃப் கட், அடித்தாளை விட்டு ஸ்டிக்கரை மட்டும் வெட்டுவது. ஷீட்டிலிருந்து சட்டென்று உரியும்.

கே: டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். போனில் பளிச்சென்று இருந்தது, அச்சில் மங்கல். தமிழ் எழுத்தும் குழம்பிவிட்டது.

ப: மறுபடியும் இதேதானா! வாட்ஸ்அப்பில் படமாகப் போட்டால் அது நசுக்கித்தான் அனுப்பும். எழுத்தின் ஓரமெல்லாம் அழுக்குப் படியும். டாகுமென்டாக அனுப்புங்கள், அல்லது மெயில் போடுங்கள். 3 அங்குல ஸ்டிக்கருக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 900 பிக்சல் வேண்டும். விசிட்டிங் கார்டைப் போட்டோ எடுத்து வெட்டிய லோகோவில் 200கூடத் தேறாது. அதை இழுத்துப் பெரிதாக்கினால் பிக்சல் முளைக்காது. தமிழுக்கு வருவோம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பவை. அச்சகத்துக் கணினியில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் திறந்ததும் ஆங்கிலக் குப்பைதான். பழைய கோரல் டிரா மென்பொருளில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறும். எனவே அனுப்புமுன் எழுத்தைக் கர்வ்ஸ் ஆக்குங்கள், அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக. கர்வ்ஸ் ஆனபின் திருத்த முடியாது. மூலப் பிரதியைத் தனியே வையுங்கள். புரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் மாதிரி) வந்தால் கட்டைவிரல் பொம்மையைத் தட்டிவிடாமல், ஃபோன் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படியுங்கள். நீங்கள் 'ஓகே' சொன்ன பிழைக்கு அச்சகம் பொறுப்பேற்காது.

கே: அடிக்க இரண்டு மணி நேரம்தான் என்கிறார்கள். பிறகு ஏன் மூன்று நாள்?

ப: வினைலில் அடிக்கும் எக்கோ சால்வென்ட் மையில் உள்ள கரைப்பான் ஆவியாக ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அவசரப்பட்டு லேமினேட் செய்தால் கொப்புளம் வரும், ஓரம் சுருளும். அதன்பிறகுதான் கட்டிங், எண்ணிக்கை, பேக்கிங். சின்ன ஆர்டர் என்றால் அதே மெட்டீரியலில் மற்றவர்கள் வேலையும் சேரும்வரை ரோல் காத்திருக்கும்.

கே: ஒரு பக்கம் மட்டும் வெள்ளைக் கோடு தெரிகிறது.

ப: பிளீட் விடவில்லை, அதாவது வெட்டும் கோட்டைத் தாண்டி டிசைனை நீட்டவில்லை. நாலு பக்கமும் 3 மிமீ விடுங்கள். ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் வேண்டவே வேண்டாம். கத்தி அரை மிமீ நகர்ந்தாலும் கோணலாகத் தெரியும்.

கே: போனில் பார்த்த நீலம் அச்சில் இல்லை.

ப: வராது. திரை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), அச்சு சிஎம்ஒய்கே (சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு மை). நிறம் முக்கியமென்றால் அதே மெட்டீரியலில், அதே லேமினேஷனோடு ஒரு மாதிரி அடித்து வாங்குங்கள். மேட் லேமினேஷன் நிறத்தை இன்னும் கொஞ்சம் மங்கலாக்கும்.