கெக்கோவுக்கு ஒரு பொந்து போதுமா?

கேள்வி: வணக்கம் சார், பையன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தான்னு ஒரு லெப்பர்ட் கெக்கோ (புள்ளி போட்ட பல்லி வகை) வாங்கிக் கொடுத்தோம். டேங்க் நடுவுல பெரிய பிளாஸ்டிக் குகை ஒன்னு வெச்சிருக்கோம், அதுக்குள்ள போறதே இல்ல, தண்ணிக் கிண்ணத்துக்குப் பின்னாடி ஒண்டிக்கிட்டே கிடக்கு. இப்ப தோல் உரிச்சதுல முன்னங்கால் விரல்ல கொஞ்சம் தோல் வெள்ளையா சுத்தி நிக்குது. குகையை எடுத்துட்டா மனுஷங்களோட நல்லா பழகும்னு தெரிஞ்சவங்க ஒருத்தர் சொல்றாங்க, எடுத்துடலாமா?
வாசகி, டொரன்டோ

பதில்: எடுத்துடாதீங்கம்மா. எடுக்கறதுக்குப் பதிலா இன்னும் ரெண்டு வைங்க. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கம் பாறையும் வறண்ட நிலமுமா இருக்கிற இடத்துல வாழற ஜீவன் இது, பகல் முழுக்க பாறை இடுக்குலயும் வளைக்குள்ளயும் கிடந்துட்டு பொழுது சாஞ்சாதான் வெளிய வரும். அதனால பகல்ல ஒளிஞ்சிருக்குன்னா உங்களைப் பிடிக்கலைன்னு அர்த்தம் இல்ல, தம்பிகிட்ட இதை நல்லா சொல்லுங்க. ஒளிய இடமே இல்லாம பண்ணினா அது பழகாது, பயந்து போய் சாப்பாட்டை நிறுத்திடும்.

அது உடம்புச் சூட்டை வெளியிலிருந்துதான் எடுத்துக்கணும். சாப்பிட்டது செரிக்கணும்னா சூடான பக்கம் வரணும், சூடு அதிகமானா குளுமையான பக்கம் போகணும். மறைவு ஒரே இடத்துல மட்டும் இருந்தா, சூடு வேணுமா பாதுகாப்பு வேணுமான்னு பாவம் அது ரெண்டுல ஒன்னைத்தான் எடுக்க முடியும், பெரும்பாலும் பாதுகாப்பைத்தான் எடுக்கும், சூடு கிடைக்காம செரிமானம் கெட்டுப்போகும். அதுக்குத்தான் டேங்க்ல சூடான பக்கம் ஒரு ஹைட் (ஒளிஞ்சுக்கிற மறைவிடம்), குளுமையான பக்கம் ஒரு ஹைட், ரெண்டுக்கும் நடுவுல ஈரமான ஹைட் ஒன்னுன்னு மொத்தம் மூணு. சூடான ஹைட்டுக்குள்ள தரை 31-லிருந்து 33 டிகிரி செல்சியஸ் இருக்கணும், குளுமையான பக்கம் 24, 25 இருந்தா போதும். கையை வெச்சுப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, ப்ரோப் (ஒயர் முனையில இருக்கிற உணரி) வெச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்னு வாங்குங்க, ஹீட் மேட்டை (சூடு தர்ற மின்விரிப்பு) தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்துற கருவி) இல்லாம ஓட்டவே ஓட்டாதீங்க, வயிறு வெந்துடும்.

உங்க குகைக்குள்ள ஏன் போகலைன்னா, அது ரொம்பப் பெருசா இருக்கும்னுதான் எனக்குத் தோணுது. உள்ள படுத்தா முதுகு கூரையில லேசா உரசணும், ரெண்டு பக்கமும் சுவர் தொடணும், வாசல் ஒன்னே ஒன்னு சின்னதா இருக்கணும், அப்பதான் வாலைச் சுருட்டி வெச்சுக்கிட்டு நிம்மதியா தூங்கும். அந்தக் கிண்ணத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இருக்கிற இடுக்கைத் தேடிப் போனதும் இதுக்காகத்தான். காசு செலவழிக்கணும்னே இல்ல, பாதியா வெட்டி ஓரம் தேய்ச்ச கொட்டாங்கச்சி, மண் தொட்டி, கார்க் பட்டை எல்லாமே நல்லா இருக்கும். கல் அடுக்கறதா இருந்தா மட்டும் மணல் மேல வைக்காதீங்க, நேரா டேங்க் தரையிலயே அசையாம உட்கார வைங்க, இது அடியில தோண்டிக்கிட்டே போகும், கல்லு சரிஞ்சா உயிரே போயிடும்.

ஈர ஹைட்டுக்கு மூடி போட்ட ஐஸ்கிரீம் டப்பா போதும். பக்கவாட்டுல அதோட உடம்பு தாராளமா நுழையற மாதிரி ஓட்டை போட்டு, ஓரத்தை உப்புத்தாள் வெச்சு மழுமழுன்னு தேய்ச்சிடுங்க. உள்ள ஸ்பேக்னம் பாசியோ பேப்பர் டவலோ, நனைச்சு நல்லா பிழிஞ்சு போடுங்க, ஈரம் இருக்கணும், தண்ணி சொட்டக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல விடாம மாத்திடுங்க, இல்லைன்னா பூஞ்சை பிடிக்கும். உங்க ஊர்ல குளிர்காலத்துல வீட்டு ஹீட்டிங் ஓட ஓட காத்து வறண்டு போயிடுது பாருங்க, அப்ப இந்த டப்பா இல்லைன்னா தோல் முழுசா உரியாது. உடம்பு மங்கி வெளுத்துப் போச்சுன்னா உரிக்கப் போகுதுன்னு அர்த்தம், அப்ப ஈரத்தைக் கண்டிப்பா பாருங்க.

இப்ப விரல்ல நிக்கிற தோலை அப்படியே விட்டுடாதீங்க. விரல் மேல நூல் கட்டின மாதிரி அது இறுகி, ரத்த ஓட்டம் நின்னு, விரலே விழுந்துடும். வெதுவெதுப்பான தண்ணியில பாதம் மட்டும் முங்கற அளவுக்கு ஒரு பத்து நிமிஷம் நிக்க வெச்சு, ஈரப் பஞ்சுக் குச்சியால மெதுவா உருட்டி எடுங்க. காய்ஞ்சிருக்கும்போது பிடிச்சு இழுக்காதீங்க. விரல் வீங்கியோ கறுத்தோ இருந்தா ஊர்வன பார்க்கிற டாக்டர்கிட்ட உடனே போயிடுங்க.

கேள்வி: என்னோடது பெண் கெக்கோ, தனியாத்தான் இருக்கு, ஆனா ஈர ஹைட்டுக்குள்ள ராத்திரி ராத்திரி தோண்டுது. ஏன்?
வாசகர், லண்டன்

பதில்: முட்டை போட இடம் தேடுதுன்னு நினைக்கிறேன். ஆண் இல்லாமலேயே கரு இல்லாத முட்டை போடும், பொதுவா ஒரு தடவைக்கு ரெண்டு. டப்பாவைக் கொஞ்சம் பெருசா மாத்தி, ஈரத் தென்னை நார்த்தூளை ரெண்டு மூணு அங்குலம் நிரப்பி விடுங்க, கால்சியம் பவுடரை விட்டுடாதீங்க. நாள் கணக்கா தோண்டியும் முட்டை வரல, சோர்ந்து போகுதுன்னா டாக்டர் பார்த்தே ஆகணும்.

கேள்வி: ஹைட் நிறைய வெச்சா ஒரே டேங்க்ல ரெண்டு கெக்கோ வளர்க்கலாமா?
வாசகர், பர்மிங்ஹாம்

பதில்: வேண்டாம். ரெண்டும் ஆண்னா சண்டை போட்டு வாலை இழக்கும். பெண்ணா இருந்தாலும் பலமானது நல்ல இடத்தைப் பிடிச்சுக்கிட்டு மத்ததை சூடான பக்கமே வர விடாது. தனி டேங்க் வைக்க இடம் இருந்தா இன்னொன்னு வாங்குங்க, இல்லைன்னா ஒன்னோட நிறுத்திக்கோங்க.