தாழ்வாரத்து வெளிச்சம்

வணக்கம். கும்பகோணம் பக்கம் கல்யாணங்களுக்குப் படம் எடுத்து வருகிறேன். வரும் தையில் முற்றம் வைத்த பழைய வீடொன்றில் கல்யாணம். மணப்பெண்ணை ஃபிளாஷ் இல்லாமல், இருக்கிற வெளிச்சத்திலேயே எடுக்க ஆசை. போய்ப் பார்த்தேன். முற்றத்தில் நின்றால் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழுகிறது. கூடத்துக்குள் போனால் இருட்டு. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுக்கும் நடுவில் தாழ்வாரம் இருக்கிறதே, அங்கே எடுங்கள். முற்றத்தில் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து இறங்குவதால்தான் கண்குழியில் நிழல் தேங்குகிறது. தாழ்வாரத்தில் இரண்டடி உள்ளே தள்ளி உட்கார வைத்தால், மேலிருந்து வருவதை ஓட்டுக்கூரை மறைத்துவிடும். எதிரிலிருந்து வருவது மட்டும் முகத்தில் படும். பின்னால் கூடம் இருட்டாக இருப்பது நல்லதுதான். பந்தல் சாமான், பாய், பாத்திரம் எல்லாம் அதில் மறைந்துவிடும்.

எந்தப் பக்கத் தாழ்வாரம் என்பது முக்கியம். தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வெயில் முற்றத்தின் வடக்குப் பக்கத்தில் விழும். பெண்ணைத் தெற்குத் தாழ்வாரத்தில் வடக்குப் பார்த்து உட்கார வையுங்கள். வெயில் நேராகப் படாது; எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் மெத்தென்ற வெளிச்சம் கிடைக்கும். வடக்குப் பார்த்து உட்காருவதால் பெரியவர்களும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆவணிக் கல்யாணம் என்றால் இந்தக் கணக்கு சரிவராது. நம் ஊர் ஏறத்தாழ 11 டிகிரி வடக்கு என்பதால், ஆகஸ்ட் கடைசி வாரத்தை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கும்.

எதிர்ச்சுவர் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பச்சை பெயிண்டோ, முற்றத்துக்கு மேல் பச்சை ஷீட்டோ இருந்தால் முகத்திலும் பச்சை ஏறும். சுவர்தான் பச்சை என்றால் அதன்மேல் வெள்ளை வேட்டி இரண்டைத் தொங்கவிடுங்கள். ஷீட் என்றால் முற்றத்தை விட்டுவிட்டு முன்கட்டு ஜன்னலுக்குப் போய்விடுங்கள். எங்கே எடுத்தாலும் டியூப் லைட், குண்டு பல்பு எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் குண்டு பல்பு 2700, மஞ்சள்; பகல் வெயில் 5500, வெள்ளை. இரண்டும் ஒரே முகத்தில் கலந்தால் பிறகு கணினியில் சரிசெய்வது பெரும்பாடு.

ஜடையை எடுக்க ஜன்னலோரம்தான் சரி. ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி உட்கார வைத்துப் பின்னாலிருந்து எடுங்கள். வெளிச்சம் சாய்வாக உரசிப் போகும்போது ராக்கொடியின் சிவப்புக் கல்லும், பூத்தையலின் மேடு பள்ளமும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். ஜன்னல் கதவின் மேல்பாதியை மட்டும் திறந்துவைத்தால் வெளிச்சம் இன்னும் அடங்கும். 50 மி.மீ. லென்ஸ், அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) f/2, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் திறன்) 800க்கு மேல் என்று தொடங்கிப் பாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெண் மாநிறமோ கறுப்போ, அந்த நிறம் படத்தில் அப்படியே இருக்கட்டும். வெளுப்பாகக் காட்ட எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, ஏற்றினால் முதலில் போவது ஜரிகை. பட்டின் தங்க இழை வெள்ளைத் திட்டாகிவிடும். ஜரிகையில் நுணுக்கம் நிற்கும் அளவுக்குக் குறைத்து எடுங்கள். எண்ணெய் மினுக்கோடு கன்னத்தில் விழும் வெளிச்சம் கறுத்த முகத்தில் எவ்வளவு அழகு என்று வீட்டாரே பார்ப்பார்கள்.

அப்புறம், நேரம். முகூர்த்தம் விடியற்காலை என்றால் அப்போது முற்றத்தில் வெளிச்சமே இருக்காது. பெண் சாப்பிட்டு முடித்த பிறகு, ஒன்பதரை மணிவாக்கில் அரை மணி நேரம் வேண்டும் என்று அவள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது.