கழிப்பறை இல்லாததற்கும் பெண்கள் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு?

வசதிக் குறைவு மட்டும்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூர்த் தேக்கா வட்டாரத்தில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சிங்கப்பூரிலேயே வாளிக் கழிப்பறை 1987 வரை இருந்தது. கம்பத்தில் (அக்காலக் கிராமக் குடியிருப்பில்) பல வீட்டுக்கும் பொதுவாக வெளியே ஒன்று இருக்கும். இருட்டினால் பெண்கள் துணைக்கு ஆள் எழுப்ப வேண்டும்.

அதுகூட இல்லாத ஊர்களில் பெண்கள் விடியலுக்கு முன்போ இருட்டிய பிறகோதான் ஒதுங்க முடியும். மறைவு வேண்டுமே! அந்த மறைவேதான் சீண்டுபவனுக்கும் வசதி. ஆகவே பகலெல்லாம் அடக்குகிறார்கள், தண்ணீரைக் குறைக்கிறார்கள். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ.தான் என்பதால் கிருமி சுலபமாக மேலேறும். சிறுநீர் தேங்கினால் தொற்று வரலாம். கர்ப்பிணிக்கு அது சிறுநீரகம்வரை போகலாம். மலச்சிக்கல் வேறு. மாதவிடாய் நாள்களில் துணி மாற்றக்கூட இடமில்லை.

கட்டிக் கொடுத்தால் போதுமா? உள்தாழ்ப்பாள், விளக்கு, தண்ணீர் இல்லையென்றால் பூட்டித்தான் கிடக்கும். அப்புறம், நவம்பர் 19-ஐ உலகக் கழிப்பறை நாளாக்கிய 2013 ஐநா தீர்மானத்தை முன்வைத்ததே சிங்கப்பூர்தான்.