டோக்கியோ போகும் நேரமும் திரும்பும் நேரமும்

கேள்வி: டோக்கியோவில் வேலை பார்க்கும் மகன் ஜனவரியில் எங்களை வரச் சொல்லியிருக்கிறான். டில்லியில் இரவு 8 மணிக்குப் புறப்படும் விமானம் மறுநாள் காலை 7.15-க்குச் சேரும் என்றும், திரும்பும் விமானம் முற்பகல் 11.30-க்குக் கிளம்பி அன்று மாலை 5.45-க்கே டில்லி வந்துவிடும் என்றும் பயணச்சீட்டில் இருக்கிறது. ஒரே தூரத்துக்குப் போக 11 மணி நேரம், வர 6 மணி நேரமா?
(வாசகி ஒருவர், திருநெல்வேலி)

பதில்: சீட்டில் அச்சாகியிருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தியிருப்பதால், போகும் கணக்கில் மூன்றரையைக் கழித்து, வரும் கணக்கில் கூட்டிப் பாருங்கள்: போக 7 மணி 45 நிமிடம், வர 9 மணி 45 நிமிடம். நீங்கள் நினைத்ததற்கு மாறாக, திரும்பி வருவதுதான் நீண்ட பயணம்.

அந்த இரண்டு மணி நேர வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் காற்று. தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், விமானங்கள் பறக்கும் அதே மட்டத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் ஸ்ட்ரீம் என்னும் கடுங்காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அதன் வேகம் சில நாட்களில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். இதை 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தவர் ஓயிஷி வாசபுரோ என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். உலகம் படிக்கட்டும் என்று அவர் தம் முடிவுகளை, எல்லா நாட்டாருக்கும் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார், ஆனால் அதைப் படித்தவர்கள் மிகச் சிலரே. 1944-இல் ஜப்பான் மீது பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் சிக்கித் திகைத்தார்கள் என்பதை எண்ணும்போது, அவருடைய உழைப்பு கவனிக்கப்படாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

போகும்போது கிடைக்கும் ஆதாயம் வரும்போது நேரும் இழப்பை ஈடுகட்டுவதில்லை. 6,300 கிலோமீட்டர் பாதையில் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 7 மணி நேரம் ஆகும். 100 கிலோமீட்டர் காற்று பின்னிருந்து தள்ளினால் 42 நிமிடம் மிச்சம். அதே காற்று எதிர்த்து வீசினால் 52 நிமிடம் கூடுதல், ஏனெனில் எதிர்காற்றில் அதிக நேரம் இருக்க நேர்கிறது.

இரு நகரங்களுக்கும் இடையிலான நேர்வழித் தூரம் சுமார் 5,900 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தக் கோடு இமயத்தையும் திபெத்தையும் கடக்கிறது. விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்தால் உடனே ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தின் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், விமானங்கள் பெரும்பாலும் தெற்கே விலகி மியான்மர் பக்கமாகச் சுற்றிச் செல்கின்றன.

கோடையில் இந்தக் காற்று வலுக்குறைந்து வடக்கே நகர்ந்துவிடும். நீங்கள் திரும்புவதோ அது கடுமையாக வீசும் ஜனவரியில். எதிர்காற்றால் தாமதம் நேரலாம், டில்லியில் குடிநுழைவுச் சோதனையும் இருக்கும். ஆகவே, அங்கிருந்து ஊருக்கு வரும் விமானத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி விட்டுச் சீட்டு எடுங்கள்.